தனியே பயணம் போன பாஸ்போர்ட்

மீனுக்குள் பாஸ்போர்ட் இருக்காது என்று ஜொய்சி மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அக்னெஸ் அக்கா கேட்பதாயில்லை. ஃப்ரீசரில் இருந்த விளைமீன் இரண்டும், ஒடியல் மாப் பையும், போன நத்தாருக்கு வாங்கிய ஆட்டுக்காலும் குசினி மேசையில் வரிசையாகக் கிடந்து உருகிக்கொண்டிருந்தன.

"கோடி அற்புதரே, அந்தோனியாரே, தொலைஞ்சதை எடுத்துத் தாருமப்பா! தந்தால் முப்பது மெழுகுதிரி!"

"காலமை இருபதெண்டுதானே சொன்னீங்கள்?"

"நேரம் போகப் போகக் கூடத்தானே செய்யும், பிள்ளை!"

கனடாவின் லாசாலில், 2004 ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரை மணி. தொலைந்தது அக்னெஸ் அக்காவின் பாஸ்போர்ட் என்றால் இவ்வளவு அமளி நடந்திராது. தொலைந்தது அவர் வீட்டில் தங்கியிருந்த மிருதங்க வித்துவான் சிவராசாவின் பாஸ்போர்ட். பங்குத் திருவிழாக் கச்சேரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேரை வரவழைத்தது அக்னெஸ் அக்காதான். பாட்டுக்காரரும் வயலின்காரரும் அடுத்த கச்சேரிக்கு அமெரிக்க விசாவையும் கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சிவராசாவுக்கு மட்டும் இன்று மத்தியானம் ஒன்றரைக்கு, டவுன்டவுனில் உள்ள அமெரிக்கக் கொன்சலேட்டில் நேர்முகம். சனிக்கிழமை பொஸ்டனில் கச்சேரி. இன்றைக்குத் தவறினால் அடுத்த திகதி ஓகஸ்டில். அவருடைய கனடா விசா முடிவதோ ஜூலையில்.

"அப்ப இது சாதாரண கேஸ் இல்லை," என்றார் அருமைராசா, மேசையில் கிடந்த விளைமீனைப் பேனையால் புரட்டிப் பார்த்தபடி.

அருமைராசாவின் கடைக் கதவில் 'படிவம் நிரப்புதல், மொழிபெயர்ப்பு, துப்பறிதல்' என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் சோற்றுக்கு, மூன்றாவது ஆத்மாவுக்கு என்பார். எட்டு வருடத்தில் மூன்று கேஸ் பிடித்தார். இரண்டில் பொருள் தானாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அதில் ஒன்று பூனை. ஜொய்சிக்குக் கிழமையில் மூன்று நாள் கார்டெறியில், அதாவது சிறுவர் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. மற்ற நாட்களில் கடையில் உதவிக்கு நின்று அருமைராசாவைப் பார்ப்பாள். இரண்டுக்கும் ஒரே பொறுமைதான் வேண்டும் என்பது அவள் கண்ட உண்மை.

"சனிக்கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு ஆர் ஆர் வந்தது?" என்று கேட்டார் அருமைராசா.

"ஒருத்தரும் வரேல்லை. பத்திநாதர் அண்ணை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்தவர். அந்தோனியார் சொரூபத்தைப் புரோசார்டுக்கு, தன்ரை வீட்டுக்குக் கொண்டுபோனவர். கிழமைக்கு ஒரு வீட்டிலை வைச்சுக் கும்பிடுறது எங்கடை பங்கிலை வழக்கம்."

அருமைராசாவின் கண்கள் விரிந்தன. "பத்திநாதர் மிருதங்கம் வாசிக்கிறவரல்லோ!"

"வாசிக்கிறவர் எண்டு சொல்லலாம்," என்றார் அக்னெஸ் அக்கா. தாராள மனசுக்காரி.

"முடிஞ்சுது! சிவராசா அண்ணை பொஸ்டன் போகாட்டில் ஆர் போறது? பத்திநாதர்! அவரிட்டைக் கனடாப் பாஸ்போட். எல்லையிலை ஒரு பொன்ஜூர், ஒரு மெர்சி, ஆள் அங்காலை. சொரூபத்துக்குக் கீழை மரப்பெட்டி ஒண்டு இருக்கெல்லோ? அதுக்கை வைச்சுக் கடத்திட்டார்!"

"போன் எடுத்துக் கேட்டால் என்ன, அண்ணை?"

"போன் எடுத்தால் கள்ளன் உசாராயிடுவான்."

ஜொய்சி அவரைவிட்டு வீட்டைப் பார்த்தாள். அக்னெஸ் அக்கா இப்போது அரிசிப் பீப்பாவுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துளாவிக்கொண்டிருந்தார். எல்லாரும் தேடுகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் தேடவில்லை. அவர் சிவராசா. வெள்ளை வேட்டியும் அதன்மேல் குளிர்ச் சட்டையுமாக சோபா நுனியில் இருந்தபடி, தொடையில் விரலால் ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

கார்டெறியில் ஒரு பிள்ளையின் கார் தொலைந்தால் ஜொய்சிக்கு வேலை லேசு. எல்லாப் பிள்ளைகளும் தேடும், ஒளித்து வைத்த பிள்ளை மட்டும் தேடாது. 'ஆர் எடுத்தது' என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது, கேட்டால் அழும். 'எங்கை வைச்சனீர்' என்று கேட்க வேண்டும்.

அவள் பக்கத்தில் போய் இருந்தாள். "வித்துவான், எங்கை வைச்சனீங்கள்?"

"கவனமான இடத்திலைதான், பிள்ளை," என்றார் சிவராசா. சொல்லும்போது கண் ஒரு கணம் மூலைக்குப் போய்த் திரும்பியது. மூலையில் ஒரு சின்ன மேசை. மேசையில் பின்னல் விரிப்பு, எரிந்து முடிந்த மெழுகுதிரி, வேறொன்றுமில்லை.

பக்கத்தில் விசாப் படக் கவர் கிடந்தது. எடுத்தது நான்கு படம் என்று கவரில் எழுதியிருந்தது. கவருக்குள் இரண்டு, கொன்சலேட் படிவத்தில் ஒட்டியது ஒன்று.

"அண்ணை, ஒரு படம் குறையுது. பாஸ்போட்டைக் களவெடுக்கிறவர் படத்தையும் ஏன் எடுத்தவர்?"

"போலிப் பாஸ்போட் செய்ய!" என்று துள்ளினார் அருமைராசா.

"பத்திநாதர் அண்ணை, சிவராசா அண்ணையின்ரை முகத்தோடையே போலிப் பாஸ்போட் செய்யிறாரோ? உண்மையான பாஸ்போட்தான் கையிலை இருக்கே!"

அருமைராசா தொப்பியைப் போட்டுக்கொண்டார். கேஸ் இறுகினால் அவர் வழக்கமாகச் செய்வது அது. "புரோசார்ட்! உடனை வெளிக்கிடுவம்!"

சிவராசாவின் விரல் தொடையில் அப்படியே நின்றது. "புரோசார்ட் எண்டது எங்கை? கோயிலுக்குப் பக்கத்திலையோ?"

"பாலத்துக்கு அங்காலை," என்றார் அக்னெஸ் அக்கா. "அந்தோனியார் மாசக் கடைசியிலைதான் கோயிலுக்குப் போவார்."

"மாசக் கடைசியோ!" சிவராசா எழுந்துவிட்டார். "நானும் வாறன்."

ஜொய்சி கார்த் திறப்பை எடுத்தாள். அருமைராசா ஒரு கள்ளனைப் பிடிக்கப் போகிறார். அவள் பிடிக்கப் போவது வேறு எதையோ. ஆனால் இரண்டும் ஒரே விலாசத்தில் இருக்கிறபடியால் வாக்குவாதம் தேவையில்லை என்று பட்டது.

*

ஷம்ப்ளேன் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. ஜொய்சியின் பழைய கொரோலாவில் பின்னுக்கு அக்னெஸ் அக்கா செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார், பக்கத்தில் சிவராசா.

"வித்துவான், உள்ளை போனால் என்ன சொல்லவேணுமெண்டு ஞாபகமோ?" என்று முன்சீற்றிலிருந்து கேட்டார் அருமைராசா. கொன்சலேட் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அவர்தான்.

"கச்சேரி."

"வேறை?"

"கச்சேரி மட்டும்."

"நிரோஜாவைப் பற்றி?"

"கேட்டால் ஒழிய வாய் திறக்கிறேல்லை."

ஜொய்சி கண்ணாடியில் பார்த்தாள். "ஆர் நிரோஜா?"

"மகள்," என்றார் அக்னெஸ் அக்கா, செபமாலையின் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில். "பொஸ்டனிலை. கலியாணம் முடிச்சுப் போய் ஒன்பது வருசம், பிள்ளை. மனுசன் ஒருக்காக்கூடப் பார்க்கேல்லை. மகளைப் பார்க்கப் போறன் எண்டு மூண்டு தரம் கொழும்பிலை கேட்டவர். மகள் அங்கை இருந்தால் அப்பா திரும்பி வரமாட்டாராம். மூண்டு தரமும் இல்லையெண்டிட்டினம்."

"விசா இல்லையெண்டால் பாஸ்போட்டை அப்பவே கையிலை திருப்பித் தருவினம்," என்றார் சிவராசா. "யன்னலுக்கால நீட்டினால் முடிஞ்சுது எண்டு அர்த்தம். வாசலிலை நிக்கிற சனம் என்ரை முகத்தைப் பாராது. கையைத்தான் பார்க்கும்."

"அதுதான் சொல்லுறன்," என்றார் அருமைராசா. "படிவத்திலை உறவினர் பெட்டியிலை மகளின்ரை பேர் இருக்கு. ஒளிக்கேல்லை. ஆனால் நோக்கம் எண்டு கேட்டால் கச்சேரி. கலைஞனை விடுவாங்கள், அப்பாவை விடமாட்டாங்கள். இருபது வருசமா படிவம் நிரப்புறன், எனக்குத் தெரியாததே?"

"கனடா விசாவுக்கு என்ன கேட்டவை?" என்றாள் ஜொய்சி.

"மிருதங்கக்காரர் எண்டதுக்கு அத்தாட்சி கேட்டவை," என்றார் சிவராசா. "மேசையிலை வாசிச்சுக் காட்டினன். மூண்டு நிமிசத்திலை பக்கத்து யன்னல்காரரும் காலால தாளம் போடத் தொடங்கிட்டார். போதுமெண்டு முத்திரை குத்திட்டினம்."

அவர் சிரித்தார். ஜொய்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடம் என்பது கார்டெறிக் கணக்கில் மூன்று தலைமுறை. மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

*

பத்திநாதர் கதவைத் திறந்ததும் அருமைராசா நேரே அவர் முகத்துக்கு விரலை நீட்டினார். "பொஸ்டனுக்கு எப்ப பயணம்?"

"பொஸ்டனுக்கோ?" பத்திநாதர் ஒரு அடி பின்னுக்குப் போனார். "சத்தியமா அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன். நாலு வருசத்துக்கு முன்னம் எல்லையிலை என்ரை மிருதங்கப் பையைத் திறந்தவங்கள். இடப்பக்கத்துக்குப் பூசிற ரவை ஒரு சின்னப் பையிலை கட்டி வைச்சிருந்தனான். வெள்ளைத் தூள்! நாய் ரெண்டு வந்துது. ஆறு மணித்தியாலம் கதிரையிலை இருத்தி வைச்சவங்கள். கடைசியிலை ரவையிலை உப்புமா கிண்டலாமெண்டு விளக்கம் சொல்லித்தான் வெளியிலை வந்தனான். எனக்குப் பொஸ்டனும் வேண்டாம், ரவையும் வேண்டாம்."

அருமைராசாவின் விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. ஜொய்சி அதைப் பிடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அண்ணை," என்றாள் பத்திநாதரிடம், "அந்தோனியாரின்ரை பெட்டியை ஒருக்காத் திறக்கவேணும்."

வரவேற்பறையில் அந்தோனியார் பூமாலையோடு நின்றார், முழங்கால் உயரம். அவருக்குக் கீழே பூட்டுப் போட்ட மரப்பெட்டி, மேலே கடிதம் போடுகிற அளவுக்கு ஒரு வாய். வீட்டு வீடாகச் சனம் தங்கள் மன்றாட்டை எழுதி அதற்குள் போடும். மாசக் கடைசியில் கோயிலில் வைத்துப் படிக்காமலே எரிப்பார்கள். எரிப்பார்கள் என்று பத்திநாதர் சொன்னபோது சிவராசா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"திறக்கேலாது," என்றார் பத்திநாதர். மனிதர் சொரூபக் குழுவின் செயலாளர். அதற்கு முன் மன்னாரில் அரசாங்க அலுவலகத்தில் பதினெட்டு வருடம் கிளார்க். "திறப்பு என்னட்டைத்தான் இருக்கு. ஆனால் நடைமுறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ? குழுவுக்கு எழுத்திலை விண்ணப்பம் தரவேணும். ரெண்டு பிரதி. சொந்தமில்லாத ரெண்டு சாட்சி. கூட்டம் முதல் வெள்ளிக்கிழமை."

"பத்திநாதர் அண்ணை, ஒண்டரைக்கு நேர்முகம்!" என்று கத்தினார் அக்னெஸ் அக்கா.

"அவசர விண்ணப்பமெண்டால் அதுக்கு வேறை படிவம்."

ஜொய்சி நம்பிக்கை இழந்து மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தைந்து. பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அருமைராசா பேனை மூடியைக் கழற்றிய சத்தம். முகத்தில் இப்போது கள்ளனைத் தவறவிட்ட துப்பறிவாளன் இல்லை. இருபது வருடம் உலகத்து அலுவலகங்களோடு மல்லுக்கட்டிய மனிதன் ஒருவன் அங்கே நின்றான்.

"தாரும் படிவத்தை," என்றார்.

நாலு நிமிடம். தடித்த எழுத்து, கட்டம் தாண்டாத கையெழுத்து, 'பொருந்தாது' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் 'பொருந்தாது'. இரண்டு பிரதி. சாட்சி ஜொய்சியும் அக்னெஸ் அக்காவும். பத்திநாதர் கண்ணாடியைப் போட்டுப் பிழை தேடினார், கிடைக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. பதினெட்டு வருடத்தில் இப்படியொரு படிவத்தை அவர் கண்டதில்லை போலிருந்தது.

"விண்ணப்பதாரியின்ரை படம்?"

ஜொய்சி கையோடு கொண்டுவந்த விசாப் படக் கவரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். பத்திநாதர் முத்திரை குத்தினார். பெட்டி திறந்தது.

உள்ளே மடித்த கடிதங்கள் நிறையக் கிடந்தன. நடுவில் தடித்த பழுப்புக் கவர் ஒன்று. மேலே அழகான எழுத்தில்: 'பெறுநர்: மகா கனம் பொருந்திய புனித அந்தோனியார் அவர்கள்.' உள்ளே பாஸ்போர்ட், ஒரு படம், ஒரு தாள்.

"ஆரின்ரை கையெழுத்து?" என்றார் அருமைராசா.

"என்ரை," என்றார் சிவராசா.

அக்னெஸ் அக்காவின் கையில் இருந்த செபமாலை அசையாமல் நின்றது.

"சனிக்கிழமை அக்னெஸ் சொன்னவ, அந்தோனியாருக்கு விண்ணப்பம் எழுதிப் பெட்டியிலை போடுங்கோ, தொலைஞ்சதையெல்லாம் தருவார் எண்டு. நான் சைவக்காரன். இவரின்ரை ஒபிசின்ரை வழக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் பாஸ்போட்டும் படமும் இல்லாத விண்ணப்பத்தை எந்த ஒபிசிலை எடுத்தவங்கள்? நான் போன இடமெல்லாம் முதல் கேள்வி அதுதான். அதாலை ஒழுங்கா எல்லாத்தையும் இணைச்சுப் போட்டன்."

"அப்ப நேர்முகத்துக்கு என்ன செய்ய நினைச்சனீங்கள்?" என்று கேட்டாள் ஜொய்சி.

"செவ்வாய்க்கிழமைதான் அந்தோனியாருக்கு விசேஷம் எண்டும் சொன்னவ. திருப்பித் தாற நாள் எண்டு நினைச்சன். ஞாயிறு பின்னேரம் வந்து பார்த்தால் ஆளில்லை. கோயிலுக்குத்தான் போயிருப்பார், பக்கத்திலைதானே, காலமை போய் வாங்கலாமெண்டு இருந்தன். அவர் இப்படி விசா இல்லாமல் ஊர் ஊராய்ச் சுத்துவார் எண்டு எனக்கென்ன தெரியும்!"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை!" அக்னெஸ் அக்கா அழத் தயாரானார்.

சிவராசா அந்தத் தாளைத்தான் பார்த்தார். அருமைராசா அதை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில் எல்லாம் படிவத்துக்குரிய வரிசையில் இருந்தன. "பயணத்தின் நோக்கம்," என்று வாசித்தார், பிறகு நிறுத்தினார்.

ஜொய்சி எட்டிப் பார்த்தாள். 'பயணத்தின் நோக்கம்: மகளைப் பார்ப்பது. கச்சேரி என்று மற்ற இடத்தில் எழுதியிருக்கிறேன். தங்களிடம் பொய் சொல்ல மனமில்லை.'

"வெளியிலை தெரிஞ்சால் அக்னெஸின்ரை கச்சேரியைச் சாட்டாக்கிட்டன் எண்டு நினைப்பினம்," என்றார் சிவராசா தரையைப் பார்த்து. "அதுதான் சொல்லேல்லை."

அருமைராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். "அப்படி எழுத வேண்டாமெண்டு சொன்னது நான்தானே," என்றார்.

"அழுகிறதுக்குப் படிவம் வேணுமோ?" என்றாள் ஜொய்சி. "ஓடுவம்! மணி பன்னிரண்டாகப் போகுது!"

பாஸ்போர்ட்டை எடுத்துச் சிவராசாவின் கையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

*

ஒன்று இருபத்தாறுக்குச் சிவராசா கொன்சலேட் வாசலுக்குள் போனார். போன், பை ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். மற்ற மூவரும் எதிர்ப்பக்க நடைபாதையில், காருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஒன்றே முக்காலுக்கு அருமைராசா சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார். "ஜொய்சி, அந்தத் தாளை எங்கை வைச்சனீர்?"

"எந்தத் தாள்?"

"அந்தோனியாரின்ரை தாள்!"

ஜொய்சி யோசித்தாள். பெட்டிக்கு மேலே பாஸ்போர்ட்டின் நடுப்பக்கம் திறந்து கிடந்தது. அருமைராசா தாளை அதன்மேல் வைத்தார். அவள் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மூடி... "ஐயோ," என்றாள்.

"நோக்கம்: மகளைப் பார்ப்பது," என்றார் அருமைராசா வானத்தைப் பார்த்து. "கச்சேரி எண்டு மற்ற இடத்திலை எழுதியிருக்கிறேன். நாலாவது தரமும் இல்லையெண்டு சொல்லச் சொல்லி நாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைச்சிருக்கிறம்."

"தமிழ்தானே. அவங்களுக்கு விளங்காது."

"விளங்காட்டில் கேட்பாங்கள்!"

அக்னெஸ் அக்கா ஐம்பது மெழுகுதிரிக்கு ஏறினார்.

மூன்று மணிக்குக் கதவு திறந்து சிவராசா வெளியே வந்தார். மெதுவாகப் படியிறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"கண்டுட்டாங்களோ?" என்றார் அருமைராசா.

"பாஸ்போட்டைத் திறந்தவுடனை விழுந்துது. ஆருக்கு எழுதின கடிதம் எண்டு அந்த மனுசி கேட்டா. அந்தோனியாருக்கு எண்டன். அவர் என்ன முடிவு சொன்னவர் எண்டு கேட்டா. இன்னும் பரிசீலனையிலை எண்டன்."

"பேந்து?"

"என்ன எழுதியிருக்கெண்டு கேட்டா. வாசிச்சு இங்கிலீசிலை சொன்னன்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். அருமைராசா அண்ணை, அங்கை நிண்டு வேறை மாதிரிச் சொல்ல வாய் வரேல்லை. திரும்பி வருவீங்களோ எண்டு கேட்டா. வராட்டில் என்ரை மனுசி யாழ்ப்பாணத்திலை இருந்து வெளிக்கிட்டு உங்களிட்டைத்தான் முதல் வருவா எண்டன். நெடுநேரம் என்னைப் பார்த்தா. பேந்து போகச் சொல்லிட்டா."

"பாஸ்போட் எங்கை?" என்றார் அக்னெஸ் அக்கா.

சிவராசா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை.

"ஐயோ, திரும்பவும் துலைச்சிட்டார்!" அக்னெஸ் அக்கா நடைபாதையில் குந்தித் தலையில் கை வைத்தார். அருமைராசா சிவராசாவின் சட்டைப் பைகளைத் தடவத் தொடங்கினார்.

ஜொய்சி அசையாமல் நின்று அந்தக் கைகளையே பார்த்தாள். காலையில் பாலத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் தன் செல்போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஒன்பது வருடமாகப் பாடமாக வைத்திருந்த இலக்கத்தைச் சிவராசா நிதானமாக அழுத்தினார்.

"நிரோ பிள்ளை, அப்பா கதைக்கிறன். ஓமோம், கொன்சலேட்டுக்குப் போட்டு வந்திட்டன். இல்லையம்மா... கையிலை தரேல்லை. வைச்சிட்டினம். வியாழக்கிழமை வந்து எடுக்கட்டாம்."

போனுக்குள்ளிருந்து மகள் வாய்விட்டு அழுகிற சத்தம் நடைபாதை முழுவதும் கேட்டது. சிவராசாவின் மற்றக் கை தன்பாட்டில் கொரோலாவின் கூரையில் தாளம் போடத் தொடங்கியது. அருமைராசா தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அக்னெஸ் அக்கா மட்டும் காரின் பின்சீற்றுக்குக் கீழே தலையை விட்டு இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.